கூண்டுக்குள் ஒன்றா, இரண்டா? ஹாம்ஸ்டருக்கும் முயலுக்கும் வேண்டிய ஓட்டமும் துணையும்

"ஜோடியா எடுத்துக்கங்க சார், தனியா இருந்தா ஏங்கிச் செத்துடும்." செல்லப்பிராணிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. லவ் பேர்ட்ஸ் விற்றுப் பழகிய வாய். அதையே எலி மாதிரியான குட்டிப் பிராணி ஹாம்ஸ்டருக்கும் சொல்கிறது, முயலுக்கும் சொல்கிறது. ஹாம்ஸ்டர் விஷயத்தில் அது முழுத் தவறு. முயல் விஷயத்தில் பாதி உண்மை. சொல்லாமல் விட்ட மறுபாதி, வாங்கிப்போன ஒன்றிரண்டு மாதத்தில் கூண்டு நிறையக் குட்டிகளாகவோ காது கிழிந்த முயலாகவோ வெளியே வரும்.

இரண்டுமே மண்ணைத் தோண்டி வளையில் வாழும் உயிர்கள்தாம். ஆனால் ஹாம்ஸ்டர் தனிக்குடித்தனம், முயல் கூட்டுக்குடும்பம். ஓட்டம், விளையாட்டு, துணை ஆகிய மூன்றையும் இந்த வேறுபாட்டிலிருந்து யோசித்தால் பல குழப்பங்கள் தாமாகவே தீரும்.

நம்மூரில் அதிகம் விற்பது சிரியன் ஹாம்ஸ்டர், அதாவது கோல்டன். 1930இல் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வளையைத் தோண்டி, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்துவந்தார். அவற்றில் பிழைத்தவற்றின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் கோல்டன்களில் பெரும்பாலானவை. பிற்பாடு அதே வட்டாரத்தின் வயல்களில் வளைகளை அளந்து பார்த்தபோது, குட்டி வளர்க்கும் தாய்கள் நீங்கலாக, ஒரு வளைக்கு ஒரே ஒரு பெரிய ஹாம்ஸ்டர்தான் இருந்தது. வளைகளின் சராசரி ஆழம் 65 செ.மீ. ஒரு மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. இந்த இரண்டு விவரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்கூண்டைப் பாருங்கள்: அடியில் இரண்டு விரல்கிடை மரத்தூள், உள்ளே நான்கு ஹாம்ஸ்டர்கள்.

வீட்டு முயலின் மூதாதை ஐபீரியத் தீபகற்பத்தின் ஐரோப்பிய முயல். பல முயல்கள் சேர்ந்து ஒன்றோடொன்று இணைந்த வளைகளில் கூட்டமாக வாழும் இனம். நம் கொல்லைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புதரடியில் தனியாகப் படுக்கும், அதன் குட்டிகள் கண் திறந்து, மயிரோடு பிறக்கும். "காட்டில் முயல் தனியாகத்தானே திரிகிறது" என்ற வாதம் வீட்டு முயலுக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். காட்டு முயலைப் பிடித்துவந்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

ஹாம்ஸ்டர்: சக்கரத்துக்கு முன் மண்

ஹாம்ஸ்டருக்கு உடற்பயிற்சி என்றால் எல்லோருக்கும் சக்கரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முதலில் வேண்டியது தோண்டும் ஆழம். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கோல்டன்களை 10, 40, 80 செ.மீ. ஆழப் படுக்கைப்பொருளில் தனித்தனியே வைத்துப் பார்த்தார்கள். 10 செ.மீ.யில் இருந்தவை கம்பியைக் கடிப்பதில் அதிக நேரம் செலவிட்டன, சக்கரத்திலும் அதிகம் ஓடின. 80 செ.மீ.யில் இருந்தவற்றிடம் கம்பி கடிக்கும் பழக்கமே தென்படவில்லை. இரவெல்லாம் கம்பியைக் கொறிக்கும் ஹாம்ஸ்டரைப் பார்த்து "பல் அரிக்கிறது போல" என்று பிஸ்கட்டைக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பல் தேய்வதற்கு மரத்துண்டு போதும். கம்பியைக் கடிப்பது பெரும்பாலும் இடம் போதாததன் அடையாளம். நாளடைவில் மூக்கு நுனியில் மயிர் உதிரும், முன்பல் கோணலாகும்.

இடத்தைப் பொறுத்தவரை, விலங்கு நலனுக்கான ஜெர்மன் கால்நடை மருத்துவர் சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்லும் 100 × 50 × 50 செ.மீ. நல்ல தொடக்கம். கிட்டத்தட்ட மூன்றேகால் அடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலம். கடையில் விற்கும் மாடிவைத்த கலர் பிளாஸ்டிக் கூண்டு எதுவும் இதில் பாதிகூட வராது. மாடிகளைக் கூட்டிக் கணக்குக் காட்டுவதும் செல்லாது, ஒரே தளமாக இருக்க வேண்டும். பழைய மீன்தொட்டி நல்ல மாற்று. மேலே கம்பிவலை மூடி போட்டால் ஆழமாகப் படுக்கைப்பொருள் நிரப்ப முடியும், வெளியே சிந்தாது. நம் வெயிலுக்குக் கண்ணாடித் தொட்டி சன்னலோரம் இருக்கவே கூடாது. அறையின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஹாம்ஸ்டர் துவளும்.

ஒரு பக்கம் 20 செ.மீ., மறுபக்கம் 40 செ.மீ. என்று சரிவாக நிரப்புவது வசதி. தாழ்ந்த பக்கத்தில் சக்கரமும் மணல் பாத்திரமும், உயர்ந்த பக்கத்தில் வளை. வெறும் காகிதத்துணுக்கு மட்டும் போட்டால் குடைந்த வழி உடனே சரிந்துவிடும். அச்சு மை இல்லாத காகிதத்துணுக்கை ஒரு கை உயரம் போட்டு, மேலே காய்ந்த புல்லை ஓர் அடுக்குப் பரப்பி, அழுத்தி, மறுபடி காகிதம் என்று மாற்றி மாற்றி நிரப்பினால் சுரங்கம் நிற்கும். தச்சுப்பட்டறைத் தூள் வேண்டாம். பிளைவுட் பசையும் நுண்தூசியும் கலந்திருக்கும், மூச்சுக்கோளாறு வரும். பஞ்சும் வேண்டாம். கன்னப்பையில் சிக்கும், கால்விரலைச் சுற்றி இறுக்கும்.

இப்போது சக்கரம். கோல்டனுக்கு 28 முதல் 30 செ.மீ. விட்டம், குள்ள ஹாம்ஸ்டர்களுக்கு 20 செ.மீ. கடைக்கூண்டோடு வரும் 12 செ.மீ. சக்கரத்தில் கோல்டன் ஓடும்போது முதுகு மேல்நோக்கி வளைந்து தலை பின்னுக்குச் சாயும். ஒவ்வோர் இரவும் பல கிலோமீட்டர் ஓடக்கூடிய விலங்கு அந்த வளைந்த முதுகோடு ஓடினால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: ஓடும்போது முதுகு நேராக இருந்தால் அளவு சரி. ஓடுதளம் முழுப்பலகையாக இருக்க வேண்டும். கம்பிப்படி வைத்த சக்கரத்தில் கால் நழுவி உள்ளே போய், சுழற்சியில் எலும்பு முறியும். கையில் கிடைத்தது அந்த மாதிரிச் சக்கரம்தான் என்றால், போடாமல் இருப்பதே மேல். தாங்குகம்பி அச்சின் ஒரு பக்கம் மட்டும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இருபுறமும் இருந்தால் ஏறி இறங்கும்போது கத்திரிக்கோல் மாதிரி நசுக்கும். கிறீச்சென்ற சத்தத்துக்கு அச்சில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் போதும்.

"சக்கரமே ஒரு பைத்தியக்காரப் பழக்கம்" என்றொரு கருத்தும் உண்டு. நெதர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் திறந்த வெளியில் சக்கரங்களை வைத்துக் கேமராவில் பதிவு செய்து 2014இல் வெளியிட்டார்கள். காட்டு எலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. தவளையும் ஓடில்லா நத்தையும்கூட ஏறிப் பார்த்தன. ஆக, ஓடுவது நோயல்ல. ஓடுவதைத் தவிர வேறெதற்கும் வழியில்லாமல் வைப்பதுதான் சிக்கல்.

உருளும் பிளாஸ்டிக் பந்தைப் பற்றி என் கருத்து கடுமையானது: குப்பையில் போடுங்கள். ஹாம்ஸ்டர் பார்வையைவிட மோப்பத்தையும் மீசையையும் நம்பி நடக்கும். பந்துக்குள் இரண்டுக்கும் வேலையில்லை. சுவரில் மோதினால் நிறுத்த முடியாது, களைத்தால் ஒளிய இடமில்லை, காற்றுத்துளையில் விரல் மாட்டும். பந்து வேகமாக உருள்வது விளையாட்டல்ல, தப்பிக்கும் முயற்சி.

அதற்குப் பதில், அட்டையிலோ பலகையிலோ 50 செ.மீ. உயரத் தடுப்பு அமைத்துத் தரையில் விடலாம். உள்ளே நீங்களும் உட்கார வேண்டும். காகித உருளைகள், பக்கத்தில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி, முட்டை அட்டை, சிதறிப் போட்ட தினை, கம்பு. ஹாம்ஸ்டருக்கு உணவைக் கிண்ணத்தில் வைப்பதைவிடப் படுக்கைப்பொருளில் தூவிவிடுவது சிறந்த விளையாட்டு. தேடி, கன்னப்பையில் அடைத்து, வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் இரவு வேலை. கோல்டனுக்கு நுழைவாயில்கள் 6 முதல் 7 செ.மீ. வேண்டும், கன்னம் நிரம்பியிருக்கும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க. மணல் குளியலுக்கு ஆற்றுமணலைச் சலித்து, கழுவி, வாணலியில் வறுத்து, ஆறவைத்துப் போடலாம். எம்-சாண்ட் கூடாது, கூர் முனையும் தூசும் அதிகம்.

நேரம் முக்கியம். மாலை இருட்டிய பிறகு அது தானாக எழுந்து வரும்போது மட்டும். பகலில் தூங்குவதை எழுப்பிக் குழந்தைகள் கையில் கொடுத்தால் கடிக்கும், குழந்தை உதறும், ஹாம்ஸ்டர் விழும். அதற்கு உயரத்தைக் கணிக்கத் தெரியாது, மேசை விளிம்பில் நின்று யோசிக்காமல் நடந்துபோய் விழும். அதனால் கையில் எடுப்பதெல்லாம் தரையில் உட்கார்ந்துதான்.

துணை? வேண்டாம். கோல்டன் குட்டிகளை 4 முதல் 5 வாரத்தில் ஆண், பெண் பிரித்துவிட வேண்டும். 8 முதல் 10 வாரத்துக்குள் உடன்பிறந்தவையே ஒன்றையொன்று தாக்கத் தொடங்கும். இரவில் நடக்கும் சண்டை நமக்குத் தெரியாது. காலையில் தொடையிடுக்கில் கடிபட்ட காயத்தோடு ஒன்று மூலையில் கிடக்கும். ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்குவதைச் சமாதானம் என்று நினைக்கலாம். போக வேறிடமில்லாததாலும் அப்படித் தூங்கும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் கர்ப்பகாலம் 16 நாள்தான். குள்ள இனங்களில் சில உடன்பிறப்புகள் சேர்ந்திருப்பதுண்டு. ஆனால் கடைகளில் கலப்பினங்களும் கிடைப்பதால், அவற்றையும் தனியாக வைப்பதே என் பரிந்துரை. ஹாம்ஸ்டர் தனிமையில் ஏங்காது. அது சலித்துப்போகும், அது வேறு. சலிப்புக்கு மருந்து ஆழமும் தேடலும்.

முயல்: மணிக்கணக்கல்ல, நீளம்

இங்கே விற்கும் "குட்டி வெள்ளை முயல்" பெரும்பாலும் நியூசிலாந்து ஒயிட், ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்களின் வாரிசு. கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையம் முதல் சிறு பண்ணைகள் வரை வளர்ப்பவை இவைதாம். உள்ளங்கையில் அடங்கியது ஆறு மாதத்தில் மூன்று கிலோவைத் தாண்டும். கூண்டின் வடிவமும் அதே பண்ணையிலிருந்துதான் வந்தது: புழுக்கை கீழே விழும்படி கம்பிவலைத் தரை, உயரமில்லாத கூரை. சில மாதம் மட்டும் வாழப்போகும் விலங்குக்காக யோசித்த பெட்டியில், 8 முதல் 12 ஆண்டு வாழக்கூடியதை அடைக்கிறோம்.

முயலின் பின்கால்கள் வலிமையானவை, எலும்போ மிக மெல்லியது. உடல் எடையில் எலும்புக்கூட்டின் பங்கு 7, 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13. கூண்டிலேயே கிடக்கும் முயலின் எலும்பு மேலும் மெலியும். பிறகு ஒருநாள் யாரோ தூக்க, அது உதைக்க, முதுகெலும்பு முறிந்து பின்கால்கள் இழுபடும். ஓட்டம் இல்லாததன் விளைவு எலும்போடு நிற்பதில்லை. குடல் அசைவு மந்தமாகி உணவு தேங்கும். உணவிலிருந்து மிகுந்த கால்சியத்தை முயல் சிறுநீரில்தான் வெளியேற்றும். அசையாமல் கிடந்தால் அது மூத்திரப்பையில் மண்டிபோல் படியும். கம்பித்தரையும் ஈரத்தரையும் பின்கால் குதிங்காலைப் புண்ணாக்கும். முயலுக்கு நாய், பூனை மாதிரிப் பாதத்தில் சதைமெத்தை கிடையாது, மயிர்தான்.

"தினம் ஒரு மணி நேரம் வெளியே விடுகிறேன்" என்பது பலரின் பதில். அது போதாது. முயல் சுறுசுறுப்பாவது விடியலிலும் அந்தியிலும். நீங்கள் திறந்துவிடும் பதினொரு மணிக்கு அது தூங்கும் நேரம். பிரிட்டனின் முயல் நலச் சங்கம் இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள இடம் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது 10க்கு ஆறரை அடி. அடுக்குமாடி வீட்டில் இது பெரிதாகத் தோன்றும். ஆனால் கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓர் அறையின் பாதியை மூன்றடி உயர வலைச்சட்டத்தால் தடுத்தாலே கிடைத்துவிடும். அகலத்தைக் குறைத்தாலும் நீளத்தைக் குறைக்க வேண்டாம். மூன்று தாவல் தொடர்ந்து போடவும், காது இடிக்காமல் நிமிர்ந்து நிற்கவும் முடிய வேண்டும்.

தரைதான் நம் வீடுகளில் பெரிய தடை. டைல்ஸிலும் மொசைக்கிலும் முயல் வழுக்கும், கால் பரப்பும், பிறகு ஓடவே மறுக்கும். "எங்க முயல் சோம்பேறி" என்று சொல்லும் வீடுகளில் முதலில் தரையைப் பாருங்கள். பருத்தி ஜமக்காளம், சாயமேற்றாத கோரைப்பாய், கோணிச்சாக்கு ஆகியவற்றை ஓடும் தடம் முழுக்க விரிக்கலாம். பிளாஸ்டிக் பாயும் நைலான் கம்பளமும் வேண்டாம், கடித்து விழுங்கிய இழை குடலை அடைக்கும். மின்கம்பிகளைக் குழாய்க்குள் விடுங்கள். பால்கனியிலும் மொட்டைமாடியிலும் பூனை, பருந்து இரண்டுக்கும் தடுப்பு வேண்டும். கடிபடாமலே, பயத்தில் மட்டும் முயல் செத்துப்போவதுண்டு. வெப்பம் 28, 30 டிகிரியைத் தாண்டும் பகலில் ஓடவிட வேண்டாம். ஈரமாக்கி நிழலில் கவிழ்த்த மண்பானையோ, துணி சுற்றிய உறைநீர்ப் புட்டியோ பக்கத்தில் இருந்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும்.

முயலின் விளையாட்டு தோண்டுவது, கிழிப்பது, தூக்கி எறிவது, மேலே ஏறிப் பார்ப்பது. ஓர் அடி ஆழப் பெட்டியில் சுத்தமான மண் போட்டால் தோட்டமும் மெத்தையும் தப்பும். இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி வேண்டும். ஒரே வாசல் என்றால் துரத்தப்பட்ட முயல் உள்ளே மாட்டிக்கொள்ளும். சாயமில்லாத பனையோலைப் பெட்டியில் அருகம்புல்லைத் திணித்துக் கொடுத்தால் பெட்டியையும் சேர்த்துத் தின்னும், நல்லதே. கொய்யாக் குச்சியும் மல்பெரிக் குச்சியும் கொறிக்கலாம். அரளி, எருக்கு, உண்ணிச்செடி பக்கத்திலேயே இருக்கக் கூடாது. வைக்கோல் கிழித்து விளையாட நல்லது, சாப்பாடாக ஆகாது. புல்தான் உணவு. தீவனப் பயிர்களான குதிரைமசாலும் வேலிமசாலும் கால்சியம் மிகுந்தவை, வளர்ந்த முயலுக்குக் கொஞ்சமாகப் போதும்.

காற்றில் துள்ளி உடலை முறுக்கி இறங்கினால் குஷியாக இருக்கிறது. தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்தால் நிம்மதி. பின்காலால் தரையைத் தட்டினால் எச்சரிக்கை. பல்லை மெல்ல உரசினால் இன்பம். சத்தமாக நறநறத்தால் வலி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

துணை சேர்ப்பது

முயலுக்கு முயல் துணை எவ்வளவு வேண்டும்? கனமான கதவைத் தள்ளினால்தான் கிடைக்கும் என்று வைத்து, எதற்கு எவ்வளவு பாடுபடுகிறது என அளந்த ஆய்வு 2008இல் வந்தது. இன்னொரு முயலை அடைய அவை பட்ட பாடு, உணவுக்காகப் பட்ட பாட்டுக்கு நெருக்கமாக இருந்தது. மனிதர் எவ்வளவு கொஞ்சினாலும் இரவு மூன்று மணிக்கு அதன் காதை நக்கிவிட முடியாது.

கடைக்காரர் சொல்லாத மறுபாதி இதுதான்: கருத்தடை அறுவை செய்யாமல் சேர்த்து வைக்க முடியாது. ஆணும் பெண்ணும் என்றால் 30, 31 நாளில் குட்டி. ஈன்ற அன்றே மறுபடி சினைப்படும். இரண்டு ஆண் என்றால் வயதுக்கு வந்ததும் விதைப்பையைக் குறிவைத்துக் கடிக்கும். இரண்டு பெண்ணும் அக்கா தங்கையாக இருந்தாலும் நான்கைந்து மாதத்தில் மோதும். அறுவை செய்த ஆணும் அறுவை செய்த பெண்ணும்தான் எளிதில் ஒட்டும் சேர்க்கை. பெண்ணுக்குக் கருப்பை நீக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல்களில் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரைத் தேடுங்கள். நாய்க்குச் சொல்வதுபோல "முந்தின இரவிலிருந்து பட்டினி போடுங்க" என்று சொன்னால் வேறிடம் பாருங்கள். முயலால் வாந்தியெடுக்க முடியாது, பட்டினி அதன் குடலை நிறுத்திவிடும். அறுவைக்குப் பிறகும் ஆண் ஆறு வாரம் வரை சினைப்படுத்தக்கூடும். அதுவரை பிரித்தே வையுங்கள்.

பிறகு, அவசரப்படாமல் சேர்க்க வேண்டும். முதலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில், நடுவே ஓரிரு அங்குல இடைவெளி விட்ட இரட்டை வலையோடு வையுங்கள். ஒற்றை வலை என்றால் மூக்கைக் கடித்துவிடும். ஒன்றின் துணியையும் புல்லையும் மற்றதின் பக்கம் மாற்றிப் போடுங்கள். வலையோரமாகவே இரண்டுக்கும் தீனி வையுங்கள். ஓரிரு வாரத்தில் வலையருகே சாவகாசமாகப் படுக்கத் தொடங்கினால், இரண்டும் இதுவரை மிதிக்காத ஓர் இடத்தில் ஜமக்காளம் விரித்து, புல்லை நாலைந்து இடத்தில் குவித்து, பத்து நிமிடம் விடுங்கள். கையில் தடித்த துண்டு இருக்கட்டும். சண்டை பிடித்தால் வெறுங்கையை நடுவில் விடாதீர்கள், எலும்புவரை கடிக்கும்.

கண்டுகொள்ளாமல் இருப்பது நல்ல அறிகுறி, பலர் இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். ஒன்று தலையைத் தாழ்த்தி "நக்கிவிடு" என்று நிற்பதும், பக்கத்தில் புல் மேய்வதும் நல்லவை. ஒன்றின் முதுகில் மற்றது ஏறுவது கொஞ்சம் நடக்கும், விட்டுவிடலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்குங்கள், கீழே உள்ளது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். காது பின்னுக்கு ஒட்டி, வால் நிமிர்ந்து, ஒன்றையொன்று வட்டமடிக்கத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு நாள் முழுக்கத் துரத்தல் இல்லாமல் கழிந்தால் ஒரே வீடாக்கலாம். அதன் பிறகு மருத்துவரிடம் போனால்கூட இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் ஆஸ்பத்திரி வாடையோடு திரும்பினால் மற்றது அதை அந்நியமாகப் பார்க்கும், ஒட்டிய உறவு ஒரே நாளில் உடையும்.

கினிப்பன்றியை முயலுக்குத் துணையாக வைப்பது இங்கே பரவலான வழக்கம். முயலின் உதை கினிப்பன்றியின் விலாவை முறிக்கும். முயலுக்குக் கெடுதல் செய்யாத மூச்சுக்குழல் கிருமி அதைக் கொல்லும். இரண்டின் தீனித் தேவையும் வேறு. ஹாம்ஸ்டரை முயலோடு விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் நிறைவேற்ற வேண்டிய தேவைகளில் ஒன்றாக, பிற விலங்குகளோடு சேர்த்தோ அவற்றிலிருந்து விலக்கியோ வைக்கப்பட வேண்டிய தேவையைக் குறிப்பிடுகிறது. அந்த "விலக்கியோ" முக்கியம். நம் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் துணை பற்றிய பேச்சு இல்லை. ஆனால் அசைவதற்குப் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் அடைப்பது குற்றம் என்று அது தெளிவாகவே சொல்கிறது.

ஏற்கெனவே ஜோடி வாங்கி வந்துவிட்டீர்களா? ஹாம்ஸ்டர் ஜோடி என்றால் இன்றிரவே பிரியுங்கள். மூடியில் துளையிட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா தற்காலிகமாகப் போதும். பழைய படுக்கைப்பொருளில் பாதியை இரண்டிலும் போடுங்கள், சொந்த வாடை இருந்தால் பதற்றம் குறையும். பெண்ணின் டப்பாவில் கூடுகட்டக் காகிதமும் கூடுதல் தீனியும் வைத்து 18 நாள் கிளறாமல் காத்திருங்கள். ஈன்றிருந்தால் மேலும் இரண்டு வாரம் கைவைக்க வேண்டாம், தொந்தரவு செய்தால் குட்டிகளைத் தின்றுவிடும். முயல் ஜோடி என்றால் எது ஆண், எது பெண் என்பது உறுதியாகும்வரை வலை போட்டுப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். கடைக்காரர் சொன்ன ஆண், பெண் கணக்கை நம்ப வேண்டாம், மூன்று மாதத்துக்குக் குறைந்த முயலில் அது அடிக்கடி தவறும். மருத்துவரிடம் காட்டிவிட்டு, அப்போதே அறுவைக்கும் நாள் கேட்டுவாருங்கள்.